மேசைமேல் நான்கு மருந்துகள்

இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய தந்தையார் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் டிரெசராக இருந்தவர். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: டாக்டர் எப்போதாவது வந்துபோகும் தோட்டத்தில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிரசவத்துக்கும் ஓடிவந்து நின்றவர் டிரெசர்தான். அவர் பார்த்த உடம்புகள் மெலிந்த உடம்புகள். கொக்கிப்புழு, மலேரியா, இரத்தசோகை. ஒரு பிள்ளைக்கு ஒரு கிலோ எடை கூடினால் அது அவருக்கு வெற்றி. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் இருக்கிறார்கள். என் கிளினிக்குக்கு வந்து, "டாக்டர், எடையைக் குறைக்க ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்பவர்கள் அவர்கள்தான். ஆகவே அவர் நினைவாக நடக்கும் கூட்டத்தில் எடை குறைக்கும் மருந்துகளைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்று நினைத்தேன்.

ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்குகிறேன். அவருடைய அனுமதியோடுதான் பேசுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நாற்பத்தாறு வயது. சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, 5 மணிக்கெல்லாம் கடற்பால வரிசையில் நிற்பவர். வீடு திரும்ப இரவு 8 மணி தாண்டிவிடும். சமைத்து, எல்லாரும் சாப்பிட்டபின் தான் சாப்பிட்டு முடிக்கும்போது 10 மணி. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. ஏழு வருடமாக நீரிழிவு.

அவர் கைப்பையைத் திறந்து என் மேசையில் நான்கு பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்த ஃபென்டர்மின் மாத்திரை. ஃபார்மசியில் வாங்கிய ஓர்லிஸ்டாட் டப்பா. கூட வேலை செய்யும் தோழி கொடுத்த 'மெலியும் காப்பி' பொட்டலம். நான்காவது ஒரு படம்: அண்ணன் மகள் கைப்பேசியில் அனுப்பிய ஓசெம்பிக் ஊசிப்பேனா.

"இதுல எது நல்லது, டாக்டர்?"

நியாயமான கேள்வி. கடையில் நான்கு அரிசி மூட்டைகளைக் காட்டி எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லவேண்டும் அல்லவா? ஆனாலும் நான் உடனே பதில் சொல்லவில்லை. இரத்த அழுத்தக் கருவியை எடுத்துக் கையில் சுற்றினேன். 154-க்கு 96.

அந்த ஒரு எண்ணே நான்கில் இரண்டை மேசையிலிருந்து இறக்கிவிட்டது.

ஃபென்டர்மின் பழைய மருந்து. அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்றது. நம் நாட்டில் டியூரோமின் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். 'பசி அடக்குற மாத்திரை' என்றுதான் கேட்டு வருவார்கள். நரம்புகளில் நோர்அட்ரினலின் என்னும் பொருளைச் சுரக்கவைத்துப் பசியை அடக்குகிறது. ஆபத்தைக் கண்டு உடம்பு உஷாராகும்போது சுரக்கிற பொருள் அது. புலி துரத்துகிறவனுக்குப் பசிக்காது. மாத்திரை உடம்பை ஏறக்குறைய அந்த நிலையில் வைக்கிறது. அதனால்தான் வாய் உலர்கிறது, தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச்சுரப்பு, கண்ணில் குளூக்கோமா, இவற்றில் எது இருந்தாலும் இதைத் தரக்கூடாது. எதுவும் இல்லாதவருக்கும் குறுகிய காலத்துக்கு மட்டுமே என்பதுதான் இதற்குரிய விதி.

இளம் வயது, நல்ல இதயம், சரியான இரத்த அழுத்தம், மூன்று மாதத்துக்கு ஒரு தொடக்க உந்துதல் வேண்டும் என்பவர்களுக்கு நானும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே மருந்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்மணி எட்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவர் கையில் கருவியைச் சுற்றிப் பார்க்கவில்லை. எந்தக் கிளினிக் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பழக்கம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருப்பதுமில்லை. முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது. பிறகு உடம்பு பழகிக்கொண்டது, பசி திரும்பியது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. காலை 4 மணிக்கு எழவேண்டிய ஒருவர் இரவு 1 மணிவரை கண்விழித்துக் கிடந்தார். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும் என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

காப்பிப் பொட்டலத்துக்கு வருகிறேன். அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். இலை படம், இடுப்பு மெலிந்த பெண் படம், 'இயற்கை' என்ற சொல். எம்-ஏ-எல் எண் எங்கும் இல்லை. நம் நாட்டில் பதிவான ஒவ்வொரு மருந்திலும் எம்-ஏ-எல் என்ற மூன்று எழுத்துகளும், தொடர்ந்து எட்டு இலக்கங்களும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். அந்தக் கடைசி எழுத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். 'ஏ' என்றால் டாக்டரோ மருந்தாளுநரோ மட்டுமே தரக்கூடிய மருந்து. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'என்' என்றால் சத்துப்பொருள். கூடவே ஒளியில் மின்னும் ஃபார்மாடேக் வில்லை ஒட்டியிருக்கும். காப்பி உணவாக விற்கப்படுவதால் இந்த எண் அதற்குத் தேவையில்லைதான். ஆனால் எடை குறைக்கும் என்று சொல்லி, குடித்த மறுநாளே பசி அற்றுப்போகிற காப்பி வெறும் காப்பியாக இருக்கமுடியாது.

பெரும்பாலும் உள்ளே இருப்பது சிபுட்ராமின். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, டாக்டர்கள் சீட்டெழுதிக் கொடுத்த மருந்து அது. ஏறக்குறைய பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இதயநோய்க்கு ஆளாகக்கூடியவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் மொத்தத்தில் 16 விழுக்காடு கூடுதலாக வந்தன. 2010-இல் சந்தையிலிருந்து விலக்கினார்கள். மருந்துக்கடையிலிருந்து போனது காப்பிக்குள்ளும் சாக்லேட்டுக்குள்ளும் பழச்சாற்றுத் தூளுக்குள்ளும் புகுந்துகொண்டது. நம் சுகாதார அமைச்சு இத்தகைய பொருள்களின் பெயர்களை வெளியிட்டு எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பெயரைத் தடைசெய்தால் வேறு பெயரில் வருகிறது. அந்த அம்மா ஃபென்டர்மினும் விழுங்கி, மேலே இந்தக் காப்பியும் குடித்திருந்தார். 154-க்கு 96 என்ற எண்ணில் எனக்கு வியப்பே இல்லை. கடற்பால வரிசையில் அவர் மயங்கி விழாமல் வந்து சேர்ந்ததுதான் வியப்பு.

இங்கே சற்று நின்று ஒரு விஷயம் சொல்லவேண்டும். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதா?" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. டாக்டர்களும் உண்டு. 2019-இல் நாட்டுப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் எடை கூடியவர்களாகவோ பருமனானவர்களாகவோ இருந்தார்கள் என்று தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. 2023-இல் அது 54.4 விழுக்காடு. நான்கு ஆண்டுகளில் மலேசியர்களின் மன உறுதி அந்த அளவுக்குத் தளர்ந்துவிட்டதா என்ன? நம் இந்தியர்களிடம் நிலைமை இன்னும் மோசம். அதே 2019 ஆய்வில் இந்தியர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கும் மேல் நீரிழிவு. புனேயில் டாக்டர் யாஜ்னிக் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது என்னவென்றால், இந்தியக் குழந்தை பிறக்கும்போதே எடையில் குறைவாகவும் ஒப்பீட்டளவில் கொழுப்பில் கூடுதலாகவும் பிறக்கிறது. தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். ஆகவே வெள்ளைக்காரர்களுக்கு வகுத்த அளவுகோல் நமக்குப் பொருந்தாது. அவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25-இல் எடை கூடுதல், 30-இல் பருமன். ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை, 27.5-இல் பெரிய எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனிக்கவேண்டும். தையற்காரரின் நாடா போதும் அதற்கு.

மேசைக்குத் திரும்புவோம். மிஞ்சியவை ஓர்லிஸ்டாட் டப்பாவும் ஓசெம்பிக் படமும்.

ஓர்லிஸ்டாட் மூளைக்கே போகாத மருந்து. குடலில் கொழுப்பை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது; நாம் சாப்பிடும் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செரிக்காமல் வெளியே போய்விடுகிறது. இதயத்துக்கு ஆபத்தில்லை. நான்கு ஆண்டுகள் நடந்த ஸ்வீடன் ஆய்வொன்றில், நீரிழிவு வருவதையும் ஓரளவு தடுத்தது. ஆனால் எடை குறைவது கொஞ்சம்தான். அந்த வெளியே போகும் கொழுப்பு எப்படிப் போகிறது என்பதை மருந்து கொடுப்பவர் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். காலையில் நாசி லெமாக், மதியம் தேங்காய்ப்பால் குழம்பு என்று சாப்பிட்டுவிட்டு இதை விழுங்கினால், எண்ணெய் ஆடையிலேயே கசியும். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஒருநாள் வெள்ளைச் சீருடையில் நேர்ந்தது; அன்றே டப்பாவை மூடிவிட்டார். தேங்காய்ப்பாலையும் பொரித்ததையும் குறைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறவருக்கு, பணம் அதிகம் செலவழிக்க முடியாதவருக்கு, இது இன்றும் ஒரு நேர்மையான மருந்து. இரவில் ஒரு வைட்டமின் மாத்திரை சேர்த்துக்கொள்ளவேண்டும். கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் கூடவே போய்விடும்.

இப்போது எல்லாரும் காத்திருக்கும் ஊசி.

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் கணையத்திடம் இன்சுலின் கேட்கிறது, இரைப்பையை மெதுவாகக் காலியாகச் சொல்கிறது, மூளையிடம் போதும் என்கிறது. உடம்பில் அது ஓரிரு நிமிடங்கள்தான் நிற்கும். அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் நஞ்சில் அதே போன்ற, ஆனால் நின்று வேலைசெய்யும் பொருளை டாக்டர் ஜான் எங் கண்டார். அதிலிருந்து 2005-இல் இந்த வகையின் முதல் நீரிழிவு ஊசி வந்தது. அடுத்து தினமும் போடும் லிராகுளுடைட் வந்தது, எடைக்கான பெயர் சக்சென்டா. பிறகு வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட்: நீரிழிவுக்கு ஓசெம்பிக், எடைக்கு வெகோவி. அதன்பின் இரண்டு ஹார்மோன்களைப் போல வேலைசெய்யும் டிர்செபடைட், அதாவது மஞ்சாரோ.

எண்களைக் கேட்பீர்கள். செமாகுளுடைட் முழு அளவில், 68 வாரங்களில், சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு. டிர்செபடைட் மிக உயர்ந்த அளவில், 72 வாரங்களில், ஏறக்குறைய 21 விழுக்காடு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2025-இல் வந்தது. அதிலும் டிர்செபடைட்தான் முன்னே: 20-க்கு எதிராக 14. இந்த எண்களைத்தான் அண்ணன் மகள் அனுப்பியிருந்தாள். அவள் அனுப்பாதது ஒன்று உண்டு. இவையெல்லாம் நீரிழிவு இல்லாதவர்களிடம் கிடைத்தவை. நீரிழிவு உள்ளவர்களிடம் அதே செமாகுளுடைட் ஏறக்குறைய 10 விழுக்காடுதான் குறைத்தது. 86 கிலோ உள்ளவருக்கு 13 கிலோ என்று நம்பவைப்பதும் எட்டு ஒன்பது கிலோ என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதை நம்பி வருபவர் எட்டாவது கிலோவில் தோற்றுவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார்.

எடையை மட்டும் பார்த்தும் தேர்வு செய்யக்கூடாது. கூட இருக்கும் நோயைப் பார்க்கவேண்டும். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்து, எடையும் கூடியவரா? செமாகுளுடைட்டுக்கு 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் பலம் இருக்கிறது; இதயப் பாதிப்புகள் 20 விழுக்காடு குறைந்தன. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டும் ஒருவர் வருகிறார். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகலில் ஸ்டியரிங்கிலேயே கண் சொருகுவது. அவருக்கு டிர்செபடைட்டைத்தான் முதலில் யோசித்தேன். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கென்றே 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணா? செமாகுளுடைட்டைக் கருத்தரிப்புக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தவேண்டும். டிர்செபடைட் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். நான்கு வாரம் வேறு பாதுகாப்பும் வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்து, 'நமக்கெங்கே' என்று இருந்தவர்கள் எடை குறைந்ததும் கருவுற்ற கதைகள் என்னிடம் உண்டு. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்று இருந்தால் இந்த ஊசிகளே வேண்டாம். கணைய அழற்சி வந்தவர்களும் முதலில் சொல்லிவிடவேண்டும். குமட்டலும் வாந்தியும் மலச்சிக்கலும் பலருக்கு வரும். அளவை மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி மட்டும் அடங்கும்வரை காத்திருக்கும் வலியல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஊசி போட எழுதுமுன் நான் செய்யும் இன்னொரு வேலை: அவர் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைக் கொட்டிப் பார்ப்பது. அந்த அம்மாவின் நீரிழிவு மருந்துகளில் கிளிக்லசைட் இருந்தது. அதுவே எடையைக் கூட்டும் மருந்து. இன்சுலின், ஸ்டெராய்டு, மனநோய்க்கான சில மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி ஆகியவையும் கூட்டும். மூட்டுவலிக்கு வாங்கும் ஜாமு பொட்டலத்தில் ஸ்டெராய்டு ஒளிந்திருப்பதும் இங்கே புதிதல்ல. ஒரு கையால் ஏற்றிக்கொண்டே மறு கையால் இறக்க மருந்து தேடுவது எத்தனை வீட்டில் நடக்கிறது! மேலும், கிளிக்லசைட்டின் அளவைக் குறைக்காமல் இந்த ஊசியைச் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து விழுந்துவிடலாம். ஏழு வருட நீரிழிவு என்பதால், கண்ணின் விழித்திரையையும் முதலில் பரிசோதித்தோம்.

அடுத்து பணம். இதைப் பேசக் கூச்சப்படும் டாக்டர் நோயாளிக்குத் தீங்கு செய்கிறார் என்பது என் கருத்து. மாதத்துக்குப் பல நூறு வெள்ளி. உயர்ந்த அளவுகளில் ஆயிரத்தையும் தாண்டும். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் ஃபார்மசியும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் கைப்பேசியில் மலிவாக வரும் பேனாவை மட்டும் வாங்காதீர்கள். போலி ஓசெம்பிக் பல நாடுகளில் பிடிபட்டதை 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனமே எச்சரித்தது. உண்மையான பேனாவும் குளிரில் இருக்கவேண்டியது. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் உள்ளே இருப்பது மருந்தா என்பதே சந்தேகம்.

ஒரு மாத விலையைக் கேட்டு முடிவெடுப்பதுதான் பெரிய பிழை. செமாகுளுடைட்டை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான் இதுவும். ஆகவே என் மேசையில் ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேட்கிறேன்: எத்தனை மாதம் இதற்கு உங்களால் பணம் கட்டமுடியும், அதன்பின் என்ன செய்வீர்கள்? மூன்று மாதம் என்று பதில் வந்தால் நான் ஊசி எழுதுவதில்லை. மூன்று மாதத்தில் உடம்பு கொழுப்போடு தசையையும் இழக்கும். திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் வரும். ஏற்கெனவே தசை குறைந்த நம் மக்களுக்கு இது இரட்டை நட்டம். அதனால் ஊசியோடு முட்டை, பருப்பு, மீன், தெம்பே என்று புரதத்தையும், வாரம் இரண்டு நாள் பாரம் தூக்கும் பயிற்சியையும் சேர்த்தே எழுதுகிறேன். சோற்றைக் குறைத்தவர் ரசத்தோடு நிறுத்திவிட்டால் ஆறு மாதத்தில் படியேற முட்டி தாங்காது. சைவ விரதம் இருக்கிற நாள்களில் இன்னும் கவனம் வேண்டும். ஊசி இல்லாமலும் பலன் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது: சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே, நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களிடம் அந்நோயை 28.5 விழுக்காடு குறைத்தன.

அந்த அம்மா என்ன தேர்ந்தெடுத்தார் என்று கேட்பீர்கள். அன்றே எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஃபென்டர்மினையும் காப்பியையும் நிறுத்தினோம். கிளிக்லசைட்டைக் குறைத்தோம். அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினோம். ஐந்து வாரம் கழித்துக் கணவரோடு வந்தார். கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய மின்கட்டண ரசீதை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் இரண்டு வருடம். அதுவரை மாதம் இவ்வளவு ஒதுக்கமுடியும், அதற்குமேல் இல்லை. அந்தத் தொகைக்குள் அடங்கும் அளவில், நீரிழிவுக்கும் பயன்படும் செமாகுளுடைட்டைத் தொடங்கினோம். முழு அளவுக்கு ஏற்றவே இல்லை.

இரண்டாம் மாதம் அவர் சொன்னது எனக்கு எந்த ஆய்வு அறிக்கையிலும் கிடைக்காதது. "டாக்டர், மண்டைக்குள்ள ஒரு ரேடியோ ஓடிக்கிட்டே இருந்துச்சி. அடுத்து என்ன சாப்பிடலாம், எப்போ சாப்பிடலாம்னு. யாரோ அதை அடைச்சிட்ட மாதிரி இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தான் அமைதியா இருக்குமா?" நாற்பத்தாறு வருடம் தன்னைப் பேராசைக்காரி என்று நினைத்து வாழ்ந்தவர் கேட்ட கேள்வி அது. நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஓராண்டு முடிந்தபோது 78 கிலோ. இரத்த அழுத்தம் 128-க்கு 80. சர்க்கரை கட்டுக்குள். மகளின் கல்லூரி இன்னும் ஒரு வருடம். சென்ற மாதம் உட்கார்ந்து நிறுத்தும் நாளுக்கான தாளை எழுதினோம். அளவை எந்த மாதம் எவ்வளவு இறக்குவது, அதற்குள் இரவுச் சாப்பாட்டை எப்படி 8 மணிக்குக் கொண்டுவருவது, எந்த மலிவான மருந்தை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது, ஞாயிறுதோறும் காலையில் எடை பார்ப்பது. கடைசி வரியை நான் சொல்ல அவர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 81 கிலோவைத் தாண்டினால், வெட்கப்பட்டு வீட்டில் இருக்காமல், அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வருவேன். ஒரு படியை என் கோப்பில் வைத்திருக்கிறேன். மற்றொன்று அவர் வீட்டில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஊசிப்பேனா இருக்கும் தட்டுக்கு நேர் வெளியே ஒட்டியிருக்கிறது.